கேன் போட எண் 1ஐ அழுத்தவும்

விடிந்து எழுந்தால் வீட்டில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. கேன் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் ‘ஒரு கேன்’ என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது. உடனே என்றால், அனுப்பிய கட்டைவிரலை எடுப்பதற்குள்.

“வணக்கம்! தங்களை வரவேற்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். நான் தாரா. இன்று தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?”

கீழே கைகூப்பும் பொம்மை ஒன்று, தாமரைப் பூ ஒன்று, தண்ணீர்த் துளி மூன்று.

அந்தத் தம்பி என்னைப் பார்த்துப் பெருமகிழ்ச்சி அடைந்து நான் கண்டதில்லை. “சார், காலி கேனை வெளிய வைங்க” என்பதுதான் இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசிய ஆக நீளமான வாக்கியம். அதற்கு நான் “ம்” என்பேன். எந்த மனஸ்தாபமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த உறவு.

மறுபடியும் ‘ஒரு கேன்’ என்று அனுப்பினேன். தமிழுக்கு 1ஐ அழுத்தச் சொன்னாள் தாரா. நான் தமிழில் எழுதி, அவள் தமிழில் கேட்டு, ஆமாம் தமிழ்தான் என்று நான் 1ஐ அழுத்தி உறுதிமொழி கொடுத்தேன். பெயர் கேட்டாள். கொடுத்தேன். பின்கோடு கேட்டாள். மனைவியைக் கேட்டுச் சொன்னேன். மாடி கேட்டாள். ‘3’ என்று போட்டேன். “எங்களைப் பற்றி அறிய விரும்பியதற்கு நன்றி!” என்று தொடங்கி, தரமே எங்கள் தாரக மந்திரம் என்பது வரைக்கும் முழ நீளத்துக்கு ஒன்று வந்து விழுந்தது. மூன்றாவது மாடிக்காரன் ‘3’ என்று எழுதினால் அவனுக்கு நிறுவனத்தின் வரலாறு வேண்டும் என்று அர்த்தமாம். முதல் மாடியில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, மாடி எண்ணைப் போட்டாலே கேன் ஆர்டர் ஆகிவிடுகிறது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி வாங்கியதற்கு இன்னும் என்னென்ன அனுபவிக்க வேண்டுமோ.

என் மனைவி பால்கனிக்குப் போய், “தம்பீ… ஒரு கேன்!” என்றாள். கீழே குட்டி யானையிலிருந்து கேன் இறக்கிக்கொண்டிருந்தவர் தலையை ஆட்டினார். அடுப்பில் டீக்குப் பாத்திரம் வைப்பதற்குள் கேன் வந்துவிட்டது. தாரா மட்டும், பாதியில் விட்ட ஆர்டரை முடிக்க விருப்பமா என்று சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இந்த எரிச்சல் அடங்குவதற்குள் பத்திரிகை ஆசிரியர் போன் பண்ணி, சிறு வியாபாரிகளுக்கு மெய்நிகர் உதவியாளர்கள் எப்படியெல்லாம் கைகொடுக்கலாம் என்று பயனுள்ள கட்டுரை ஒன்று வேண்டும் என்கிறார். ‘பயனுள்ள’ என்பதை இரண்டு தடவை சொன்னார். என் பழைய கட்டுரைகளைப் படித்திருக்கிறார் போலிருக்கிறது. சரி, சொல்கிறேன். அதற்கு முன்னால் மிஸ்டு காலைப் பற்றி ஒரு வார்த்தை.

வாட்ஸ்அப்புக்கு மாறுவதற்கு முன்பு எங்கள் குடியிருப்பில் கேன் வியாபாரம் முழுக்க மிஸ்டு காலில்தான் நடந்தது. ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால் ஒரு கேன். இரண்டு ரிங் போனால் இரண்டு. கட் பண்ணி உடனே மறுபடி ஒரு ரிங் கொடுத்தால், இன்றைக்கு வேண்டாம், ஊருக்குப் போகிறோம். இதையெல்லாம் யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. ஆர்டர் எடுப்பது, வாடிக்கையாளரை அடையாளம் காண்பது, நேரத்தைக் குறித்துவைப்பது, அத்தனையும் காசில்லாமல் நடந்தது. தம்பியின் போன் மெமரியில் ‘பி3 கண்ணாடி சார்’ என்று என் பெயர் இருக்கும். என் போனில் அவர் ‘தண்ணி கேன் புதுசு’. ‘தண்ணி கேன் பழசு’ எப்போதோ தொழிலை விட்டுவிட்டார், நம்பரை அழிக்க மனசு வரவில்லை. உங்கள் போனையும் எடுத்துப் பாருங்கள், ‘பிளம்பர் 2’ என்று ஒருவர் இருப்பார், ‘பிளம்பர் 1’ இருக்கமாட்டார்.

மிஸ்டு கால் என்பது சும்மா வருகிற கலையும் இல்லை. என் சித்தப்பா அதில் விற்பன்னர். காதில் ஒரு கண், சிவப்புப் பொத்தானில் ஒரு கண். எதிர்முனையில் மணி அடிக்க வாயைத் திறப்பதற்குள் கட் பண்ணிவிடுவார். அரை ரிங் அவர் கணக்கில் ஒரு ரிங். பஸ் ஏறியதும் ஒன்று, இறங்கியதும் ஒன்று. நடுவில் விழுப்புரத்தில் ஒன்று வந்தால் பஸ் சாப்பாட்டுக்கு நிற்கிறது. ஹாஸ்டலில் இருந்த பெண் பிள்ளை ஒரு ரிங் கொடுத்தால் ‘அப்பா, கூப்பிடு’. அடுத்தடுத்து இரண்டு வந்தால் ‘அப்பா, போனை அம்மாகிட்ட குடு’. கிராமத்து மாமாவின் மிஸ்டு காலை மட்டும் மணி பார்த்துத்தான் அர்த்தம் பண்ண வேண்டும். காலையில் வந்தால் சும்மா, ராத்திரி பத்துக்கு மேல் வந்தால் யாரோ போய்விட்டார்கள். ராத்திரி பத்துக்கு மேல் அவருக்குத் தூக்கத்தில் கைபட்டு, நாங்கள் வேனே பிடித்துவிட்ட கதையும் உண்டு.

இந்த ஏற்பாட்டில் மன்னிக்க முடியாத குற்றம் ஒன்றே ஒன்று: எடுத்துவிடுவது. “எடுத்துட்டியாடா பாவி!” என்பதுதான் அந்தக் காலத்தில் ஒரு போன் உரையாடலின் முதல் வரி. என் பெரியப்பாவுக்கும் அவர் சம்பந்திக்கும் பேச்சுவார்த்தை நின்று போனதே இதனால்தான். அந்தச் சம்பந்திக்குப் போனை மடியிலேயே வைத்திருக்கிற பழக்கம். பெரியப்பா கட் பண்ணுவதற்குள் “சொல்லுங்க சம்பந்தி” என்று எடுத்துவிடுவார். எடுத்தது எடுத்தாகிவிட்டது, போன காசுக்கு ஏதாவது பேசியாக வேண்டும் என்று பெரியப்பா எதையாவது ஆரம்பிக்கப் போய், அது சீர்வரிசையில் கொண்டுபோய் விட்டது. “வேணும்னே எடுக்கிறான்யா” என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் இந்த இடத்தில் தலையைச் சொறிவார். சொறியட்டும், இன்னும் இருக்கிறது. இதிலிருந்தே ஒரு தொழிலை உண்டாக்கிக் காட்டியது ஜிப்டயல் என்கிற பெங்களூர் கம்பெனி. விளம்பரத்தில் இருக்கிற நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அவர்கள் நம்மைத் திருப்பிக் கூப்பிடுவார்கள். 2015 ஜனவரியில் அதை ட்விட்டர் விலைக்கு வாங்கியது. என் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து காசில்லாமல் செய்ததை அமெரிக்காக்காரன் காசு கொடுத்து வாங்கினான். மறு வருடம் செப்டம்பரில் ஜியோ வந்து, பேசுவதற்குக் காசே இல்லை என்று சொல்லவும் மிஸ்டு காலுக்கு இருந்த நியாயமான காரணம் போய்விட்டது. ஆனாலும் 2021 ஜனவரியில் இண்டேன், மிஸ்டு கால் கொடுத்தாலே சிலிண்டர் பதிவாகும் என்று அறிவித்தது. அவ்வளவு பெரிய எண்ணெய் நிறுவனம் யோசித்து யோசித்து மிஸ்டு காலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் கேன் தம்பி மிஸ்டு காலில் இருந்து தாராவுக்குப் போயிருக்கிறார்.

மறுநாள் படியில் வைத்துப் பிடித்தேன்.

“என்ன தம்பி, யாரது தாரா?”

“அது ஏஐ சார். வி.ஏ.ன்னு சொல்றாங்க.”

உள்ளே இருந்த என் மனைவி, “வி.ஏ.ஓ.வா? எதுக்குங்க?” என்று குரல் கொடுத்தாள்.

டை கட்டிய பையன் ஒருவன் வந்து போட்டுக்கொடுத்துவிட்டுப் போனானாம். மாதம் 999 ரூபாய். கேன் 40 ரூபாய் கணக்கில் அது 25 கேன். தோளில் ஏற்றி, மூன்று மாடி, 25 தடவை. அதில் அவர் லாபம் எவ்வளவு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. 999க்கு என்னென்ன தருகிறார்கள் என்றேன். பளபளவென்ற அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். வாடிக்கையாளர் மனநிலை ஆய்வு. பத்து மொழிகளில் உரையாடல். ஜிஎஸ்டி தாக்கல் நினைவூட்டல்.

தினம் 100 கேன் போட்டால் 4,000 ரூபாய். வருடம் முழுக்க ஒரு நாள் லீவு போடாமல் போட்டாலும் 15 லட்சத்தைத் தொடாது. சரக்கு விற்கிறவர்கள் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்யவேண்டிய வரம்பு இங்கே 40 லட்சம். இல்லாத ரிட்டர்னை மாதாமாதம் நினைவூட்ட ஒரு ஆள். வாடிக்கையாளர் மனநிலையைப் பொறுத்தவரை, கேன் வராவிட்டால் எங்களுக்குக் கோபம் வரும், வந்துவிட்டால் மறந்துவிடுவோம், இதற்கு மேல் ஆய்வு செய்ய எங்களிடம் சரக்கு இல்லை. 2019 கோடையில் மட்டும் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தோம். ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன் ரயிலில் தண்ணீர் ஏற்றி வில்லிவாக்கத்துக்குக் கொண்டுவந்து இறக்கிய வருடம் அது. அந்த ஜூலையில் எங்கள் பிளாக்கே கேன் தம்பிக்குத் தினமும் ரோஜாப் பூ போட்டுக் குட் மார்னிங் அனுப்பியது. மழை வந்ததும் நின்றுவிட்டது.

நாம் சொல்வதையே திருப்பிச் சொல்லி நம்மை உருகவைக்கிற வித்தை புதிதும் இல்லை. 1966இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வெய்சன்பாம் ‘எலைசா’ என்று ஒரு நிரலை வெளியிட்டார். மனநல மருத்துவர் பாணியில், நாம் எதைச் சொன்னாலும் அதையே கேள்வியாக்கித் திருப்பிக் கேட்கும். அது எப்படி எழுதப்பட்டது என்று கூடவே இருந்து பார்த்த அவருடைய செக்ரட்டரியே, அதனோடு நாலு வார்த்தை தட்டிய பிறகு, நீங்கள் கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று அவரைக் கேட்டாராம். மனிதர் அதிர்ந்து போய், கம்ப்யூட்டரை எதற்கெல்லாம் விடக்கூடாது என்று புத்தகமே எழுதினார். கேன் விற்க விடக்கூடாது என்று அதில் ஒரு அத்தியாயம் சேர்த்திருக்கலாம்.

ரத்தமும் சதையுமான உதவியாளர்கள் வேறு ரகம். 2005இல் ஏ.ஜே. ஜேக்கப்ஸ் என்கிற அமெரிக்கப் பத்திரிகையாளர் தன் வாழ்க்கையைப் பெங்களூரில் இருந்த உதவியாளர்களிடம் ஒப்படைத்துப் பார்த்து, அதை எஸ்குயர் பத்திரிகையில் எழுதினார். மின்னஞ்சல், கடைக்கு ஆர்டர், மனைவியோடு சண்டை வந்தால் சமாதானக் கடிதம், எல்லாம் இங்கிருந்து போனது. ஒரு காரியம் நடக்குமோ நடக்காதோ என்று அவருக்குக் கவலையாக இருந்தபோது, அந்தக் கவலையையும் படச் சொல்லிவிட்டார். இங்கே ஒரு பெண் அவருக்காகத் தினமும் கவலைப்பட்டார். இந்த மாதிரி வீட்டில் இருந்தபடியே எங்கோ இருக்கிற கடைக்காரருக்குப் பில் போட்டு, கணக்கு எழுதி, போஸ்டர் பண்ணிக்கொடுக்கிறவர்கள் நம் ஊரில் நிறையவே இருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கும் தாராவுக்கும் மெய்நிகர் உதவியாளர் என்று ஒரே பெயரை வைத்துவிட்டார்கள். கேன் தம்பிக்கு அப்படி ஒரு அம்மா கிடைத்தால், அவர் பிளாண்ட்டுக்குக் கட்டவேண்டிய பணத்தைப் பற்றி மாதக் கடைசியில் இரண்டு நாளாவது அந்த அம்மா கவலைப்படலாம். தாராவுக்குக் கவலைப்பட வராது. பெருமகிழ்ச்சி மட்டும்தான்.

கேன் தம்பிக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று படியிலேயே உட்கார்ந்து கேட்டேன். ஆர்டர் எடுப்பது அவருக்குப் பிரச்சினையே இல்லை. வண்டி ஓட்டும்போது போன் அடிப்பதுதான் பிரச்சினை. அதற்கு 999 தேவையில்லை. 2018 தொடக்கத்தில் வாட்ஸ்அப் கடைக்காரர்களுக்கென்றே தனிச் செயலி ஒன்றை விட்டது, காசில்லாமல். ‘வண்டியில் இருக்கிறேன், பார்த்துவிட்டுப் போடுகிறேன்’ என்று ஒரு வரியை அதிலேயே எழுதி வைத்துவிடலாம், அதுவாகவே போய்ச் சேரும். ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயரிலும் கலர் கலராக லேபிள் ஒட்டலாம். அதில் ஒரு லேபிள், பணம் பாக்கி. இதை நான் சொன்னதும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சட்டைப் பையில் இருந்த நோட்டை எடுத்தார். ஈரம் பட்டுப் பட்டு ஊறிப்போய், ரப்பர் பேண்ட் போட்ட நாற்பது பக்க நோட்டு. வீட்டு எண்ணுக்கு நேராகக் குச்சி குச்சியாகக் கோடுகள். கேனுக்கு ஒரு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒன்று. இந்தப் பக்கம் வெளியே நிற்கிற காலிக் கேன். காலிக் கேன் விஷயத்தில் எங்கள் கட்டடத்து ஜனங்கள் சுத்தமானவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எந்த வீட்டு பால்கனியை எட்டிப்பார்த்தாலும் ஒரு நீலக் கேன் பாதியாக அறுபட்டு, உள்ளே மணி பிளாண்ட் வளர்ந்துகொண்டிருக்கும். அத்தனையும் தம்பியின் முதல். பாக்கி இன்னும் மோசம்.

“கேக்கலாம்ல?”

“எப்படி சார் கேக்குறது? தெனம் பாக்குற மூஞ்சி.”

வேறு யாரும் சொல்லாததை நான் ஆசிரியருக்குச் சொல்கிறேன், பயனுள்ளதாக இருக்கட்டும். இந்த நாட்டில் சிறு வியாபாரம் பண்ணுகிறவனுக்கு வரவேற்க ஆள் தேவையில்லை, அது அவனுக்கே வரும். அவனுக்கு வராதது பணம் கேட்பது. கேட்டால் வாடிக்கை போய்விடும், கேட்காவிட்டால் பணம் போய்விடும். எதிர்வீட்டு அக்காவிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்புவான். கூச்சநாச்சம் இல்லாத ஒரு ஆள் வேண்டும், அதுவும் முகமே இல்லாத ஆளாக இருந்தால் ரொம்ப உத்தமம். தாராவை இதற்குத்தான் வைத்திருக்க வேண்டும். அவளை வாசலில் தாமரைப் பூவோடு நிறுத்தி வைத்தவனை என்ன சொல்வது.

“அப்ப நீங்களே ஒண்ணு எழுதிக் குடுங்க சார். நீங்கதான் எழுதுறவராச்சே” என்றார் தம்பி.

ஆக, உதவியாளருக்கு உதவியாளனாக, சம்பளமில்லாமல், நான் வேலைக்கு அமர்ந்தேன். ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். ‘பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு’ என்று தொடங்கி, கோடையின் கடுமை, தண்ணீரின் அருமை, நீண்டநாள் நல்லுறவு எல்லாவற்றையும் தொட்டு, ‘தங்களின் பாக்கித் தொகையைத் தங்களுக்கு வசதிப்படும்போது’ என்று முடித்திருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது.

தம்பி கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைப் பேன்டில் துடைத்துக்கொண்டு படித்தார். குபுக் குபுக் என்று தண்ணீர் இறங்கி முடிகிற வரைக்கும் படித்தார்.

“சார், பத்திரிகை வைக்கிற மாதிரி இருக்கு சார்.”

“ஏன், மரியாதையா இருக்கேப்பா.”

“வசதிப்படும்போதுன்னு போட்டா எப்ப சார் வரும்? ‘அக்கா, பாக்கித் தொகை 480, ஜிபே பண்ணிடுங்க’. போதும் சார்.”

அவர் சொன்னதுதான் கடைசியில் நின்றது. என் கைவண்ணமாக மிஞ்சியது ‘பாக்கித் தொகை’ மட்டும். அவர் பாட்டுக்கு விட்டிருந்தால் ‘பேலன்ஸ்’ என்றிருப்பார். பட்டியல் போட்டோம். ஏ1 பாட்டிக்கு அனுப்பவேண்டாம் என்றார்.

“ஏன், அவங்க மட்டும் என்ன விசேஷம்?”

“மெசேஜ் பாத்தா உடனே எடுத்துட்டு மாடி இறங்கி வந்துடுவாங்க சார். முட்டி வலி.”

பி2 அக்காவுக்கு ‘அக்கா’, சி1 போலீஸ்காரருக்கு ‘சார்’ என்று மட்டும் போட்டு, தொகை வேண்டாம், அவரே புரிந்துகொள்வார். இதையெல்லாம் தாராவுக்குச் சொல்லிக்கொடுக்க அந்த அட்டையில் வழியே இல்லை. டை கட்டிய பையனுக்குப் போன் போட்டால் அவன் எடுக்கவில்லை. கடைசியில் ஒரே மாதிரி எல்லாருக்கும் போனது.

பதில்கள் வந்தன. பி2வில் இருந்து கட்டைவிரல். ஏ3இல் இருந்து கட்டைவிரல். நாம் எல்லாரும் செய்கிறதுதான், வேறு எதைக் கேட்டாலும் சரி, பணத்தைக் கேட்டாலும் சரி, ஒரு கட்டைவிரல். டி1இல் இருந்து ‘ஹாய்’ என்று மட்டும் வந்தது, அதற்குத் தாரா பெருமகிழ்ச்சி அடைந்து மெனு அனுப்பிவிட்டாள். ஒருத்தர் உண்மையாகவே பணம் அனுப்பினார், இருபது ரூபாய் குறைச்சலாக. போலீஸ்காரர் நேரிலேயே வந்து கொடுத்துவிட்டு, யாரப்பா அந்தத் தாரா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சி3இல் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். பாக்கி 880. அவரிடமிருந்துதான் நீளமான பதில். ‘பாக்கி தொகை’ என்று எழுதுவது பிழை, ‘பாக்கித் தொகை’ என்று வல்லினம் மிக வேண்டும், தண்ணீர் விற்பவர்களும் தமிழைத் தவறின்றி எழுதக் கடமைப்பட்டவர்கள், இதை எழுதியவர் யாராக இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் என்ன படித்தாரோ தெரியவில்லை. நான் எழுதிக்கொடுத்த தாளில் அந்த ‘த்’ இருந்தது. தம்பி போனில் அடித்தபோதும் இருந்தது, நான் கூடவே நின்றேன். வழியில் தாராதான் தின்றிருக்கிறாள்.

“என்ன சார் பதில் போடறது?” என்று தம்பி கேட்டார்.

“‘நன்றி ஐயா. பாக்கித் தொகை 880’ன்னு போடு” என்றேன்.

போட்டார். கட்டைவிரல் வந்தது.